'அவுட்' இல்லாத பர்த்டே பார்ட்டி... மொட்டைமாடியில் இறங்கிய சந்திரயான்!

"சித்தி, இந்த வருஷம் என் பர்த்டேக்கு நிலா தீம். ஆனா மியூசிக்கல் சேர் மட்டும் வேண்டாம்."

அக்கா மகள் போனில் சொன்னதும் எனக்கு ஆச்சர்யம். "ஏன் குட்டி? உனக்கு ரொம்பப் பிடிக்குமே?"

"எனக்குப் பிடிக்கும். ஆனா, அது இருந்தா ரெண்டாவது மாடிக் குட்டிப் பையன் வரமாட்டானாம்."

போன வருடம் நடந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஹாலில் 11 நாற்காலிகள், 12 குழந்தைகள். பாட்டு நின்ற முதல் ரவுண்டிலேயே அந்தப் பையன் அவுட். அப்போது அவனுக்கு 4 வயது. "நீ அங்கே உட்காருடா கண்ணு" என்று யாரோ சொல்ல, வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். விளையாட்டு முடிந்து கேக் வெட்டும்போது தேடினால் ஆள் இல்லை. தனியாகவே மாடி இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறான். "இனிமே யார் பர்த்டேக்கும் போகமாட்டேன்" என்று அவன் அம்மாவிடம் சொன்னதை, பிறகு அவர் அக்காவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அதற்குப் பிறகு அந்த அபார்ட்மென்ட்டில் நடந்த எந்தப் பிறந்தநாளுக்கும் அவன் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் ஆடும் மியூசிக்கல் சேர், 11 ரவுண்டு போகும். ஒரு ரவுண்டுக்கு 2 நிமிடம் என்றாலும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். முதலில் அவுட் ஆன குழந்தை அத்தனை நேரமும் வேடிக்கை பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதலில் அவுட் ஆவது யார்? இருப்பதிலேயே சின்னக் குழந்தை, மெதுவாக ஓடும் குழந்தை, கூச்சப்படும் குழந்தை. யாருக்கு விளையாட்டு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது.

அதனால் இந்த முறை நானும் அக்காவும் ஒரு முடிவு எடுத்தோம். நிலா தீம்தான். ஆனால், எந்த விளையாட்டிலும் 'அவுட்' கிடையாது.

15,000 ரூபாய் பேக்கேஜ்!

முதலில் ஈவென்ட் மேனேஜர் ஒருவரிடம்தான் கேட்டோம். பலூன் வளைவு, பின்னால் ராக்கெட் படம் போட்ட பேனர், மைக் பிடித்து விளையாட்டு நடத்த ஓர் ஆள் என 2 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் சொன்னார். "என்னென்ன கேம்ஸ்?" என்று கேட்டேன். "மியூசிக்கல் சேர், பாசிங் த பார்சல், பலூன் உடைக்கிறது" என்றார். "நிலா தீமுக்கு?" என்றதும், "பேனர்ல நிலா வரும் மேடம்" என்று பதில் வந்தது.

தீம் பார்ட்டி என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் தீம், சுவரோடும் கேக்கோடும் நின்றுவிடுகிறது. ஆனால், பேனரில் என்ன படம் இருந்தது என்பது குழந்தைக்கு ஒரு மாதத்தில் மறந்துபோகும். தன் கையால் என்ன செய்தோம் என்பது மறக்காது. மாமா வேலை மாறி 3 மாதம்தான் ஆகியிருந்தது; அந்தத் தொகையும் கையைக் கடித்தது. 'நாமே விளையாட்டு கண்டுபிடிப்போம்' என்று உட்கார்ந்துவிட்டோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்தோம். இடது பக்கம், நிலா பற்றி குழந்தைகளுக்குத் தெரிந்த 'செயல்கள்'. பொருள்கள் அல்ல, செயல்கள். ராக்கெட், நட்சத்திரம் என்று எழுதினால் அது அலங்காரத்துக்குத்தான் உதவும். இறங்குவது, பள்ளத்தைத் தவிர்ப்பது, குதிப்பது, கல் சேகரிப்பது என்று எழுதினால் அதில் விளையாட்டு இருக்கிறது.

வலது பக்கம், நமக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுகள். பாண்டி, கண்ணாமூச்சி, பல்லாங்குழி, புதையல் தேடுதல். பிறகு இரண்டையும் கோடு போட்டு இணைத்தோம். புது விளையாட்டு என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. தெரிந்த விளையாட்டுக்கு ஒரு கதையும் ஒரு புது விதியும் சேர்த்தால் போதும்.

கதைக்கு நாங்கள் தூரம் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை, பாட்டி மடியில் உட்கார்ந்து டி.வி-யில் பார்த்தவள் அக்கா மகள். அப்போது அவளுக்கு 5 வயது. விக்ரம், பிரக்யான் என்ற பெயர்களெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. இந்த வருடம் அவளுக்கு 7 வயது.

வாசலில் 'நிலா எடை'

பிறந்தநாள் விழாக்களில் முதல் சிக்கல், எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். முதலில் வந்த குழந்தை சோபா நுனியில் உட்கார்ந்து முழிக்கும். அதற்காகவே ஒரு வேலை வைத்தோம். வாசலில் எடை மெஷின், பக்கத்தில் அட்டையில் வெட்டிய வட்ட பேட்ஜ். நிலவின் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். எனவே, எடையை 6-ஆல் வகுத்து பேட்ஜில் எழுதிக் குத்திவிட வேண்டும். 24 கிலோ குழந்தை நிலவில் 4 கிலோ!

வகுத்தல் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு 'எடை அதிகாரி' வேலை. "நான் வெறும் 3 கிலோதான்" என்று சின்னதுகள் குதித்தன. அழைத்துப்போக வந்த அப்பாக்களும் ஏறி நின்று பார்த்ததுதான் காமெடி.

அந்தக் குட்டிப் பையனும் வந்தான். அம்மா கையை விடவே இல்லை. "கொஞ்ச நேரம் பார்க்கிறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று அக்காவிடம் கிசுகிசுத்தார் அவர்.

விளையாட்டு 1: விக்ரம் இறங்குகிறான்

தேவை: தடிமனான ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு முழ நீளத்தில் 4 நூல்கள், ஒரு பேப்பர் கப்.

ரப்பர் பேண்டின் நான்கு பக்கமும் ஒவ்வொரு நூலைக் கட்டவும். நான்கு குழந்தைகள் ஆளுக்கொரு நூல் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் இழுத்தால் ரப்பர் பேண்ட் விரியும். கப்பின் மேல் பொருத்தி லேசாகத் தளர்த்தினால் கப்பைக் கவ்விக்கொள்ளும். அப்படியே தூக்கி, பத்தடி தள்ளி சாக்பீஸால் வரைந்த வட்டத்துக்குள் இறக்க வேண்டும். கப்பைக் கையால் தொடக் கூடாது. விக்ரம் லேண்டருக்கு நான்கு கால்கள். அதனால்தான் ஒரு குழுவுக்கு நான்கு பேர்.

யாராவது ஒருவர் வேகமாக இழுத்தால் கப் விழும். விழுந்தால் அவுட் இல்லை, திரும்பவும் ஆரம்பம்.

இங்கேதான் எங்களுக்கு முதல் சோதனை. குட்டிப் பையனை எப்படியோ சமாதானப்படுத்தி, பிறந்தநாள் நாயகியின் குழுவிலேயே சேர்த்திருந்தோம். இரண்டு முறை கப் விழுந்தது. மூன்றாவது முறை வட்டத்துக்கு அருகில் போனதும் அவன் பதற்றத்தில் நூலை விட்டுவிட்டான். "உன்னாலதான்!" என்று கத்தினாள் அக்கா மகள். அவன் முகம் சுருங்கிவிட்டது. கண்கள் அவன் அம்மாவைத் தேடின. போன வருடம் மாதிரியே ஆகிவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அக்கா திட்டவில்லை. கீழே கிடந்த கப்பை எடுத்து, "இது சந்திரயான்-2. 2019-ல அதோட லேண்டரும் இறங்குற கடைசி நேரத்துலதான் விழுந்துச்சு. அப்போ யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பலை. நாலு வருஷம் கழிச்சு திரும்ப வந்தாங்க. நீங்க நாலு நிமிஷத்துல வாங்க பார்க்கலாம்" என்றார்.

நான்காவது முறை கப் வட்டத்துக்குள் உட்கார்ந்தது. ஓரமாகத்தான். ஆனாலும் மொட்டைமாடியே அதிரும்படி கத்தினார்கள். அவன் கொஞ்சம் தாமதமாகக் கத்தினான்.

விளையாட்டு 2: பிரக்யானுக்கு வழி சொல்லு

இது நம் கண்ணாமூச்சியின் தம்பி. ஒரு குழந்தை பிரக்யான் ரோவர். கண்ணைத் துணியால் கட்டிவிட வேண்டும். தரையில் பழைய நியூஸ் பேப்பர்களை வட்டமாக வெட்டி டேப் போட்டு ஒட்டினால் அவை பள்ளங்கள். மற்றவர்கள் கட்டுப்பாட்டு அறை. வரிசையாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு கட்டளை சொல்லலாம்: "முன்னால 2 அடி", "இடது பக்கம் திரும்பு".

கட்டளை வந்ததும் ரோவர் உடனே நடக்கக் கூடாது. ஒரு கைதட்டல் வரை காத்திருந்து நடக்க வேண்டும். நிலவுக்கு சிக்னல் போய்ச்சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும் இல்லையா, அதற்காக. இந்தச் சின்ன விதிதான் விளையாட்டையே மாற்றியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது நின்றுபோனது.

காலில் பேப்பர் பட்டால் என்ன செய்வது? வந்த வழியே இரண்டு அடி பின்னால் போக வேண்டும். இதுவும் நிஜக் கதைதான். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லி வேறு பாதையில் அனுப்பினார்கள். பின்னால் போவது தோல்வி இல்லை, அதுவும் ஒரு கட்டளைதான் என்று குழந்தைகளுக்குச் சொன்னோம்.

அக்கா மகளின் கண்ணைக் கட்டியபோது, கட்டளை சொல்லும் வரிசையில் அந்தப் பையன் முறை வந்தது. அவனுக்குக் குரலே வெளியே வராது. "சத்தமா சொல்லுடா" என்றார்கள். அவள் மட்டும், "எல்லாரும் பேசாம இருங்க, எனக்குக் கேக்கலை" என்றாள். மாடி அமைதியானது. "ஒரு அடி... சின்ன அடி" என்றான். சரியாகப் பேப்பர் ஓரத்தில் நின்றது அவள் கால்.

அதற்குப் பிறகு அவன் அம்மா பக்கம் திரும்பவில்லை. அவர் கீழே போய் குக்கர் வைத்துவிட்டு வந்தார்.

விளையாட்டு 3: நிலாப்பாண்டி

வழக்கமான பாண்டிக் கட்டம்தான். ஆனால், கட்டங்களுக்குப் பதில் வட்டங்கள். முதல் வட்டம் முழுக்கக் கறுப்பு, அமாவாசை. அடுத்து மெல்லிய பிறை, பாதி நிலா, முக்கால் நிலா என வளர்ந்து கடைசி வட்டம் பௌர்ணமி. போகும்போது வளர்பிறை, திரும்பும்போது தேய்பிறை. சில்லு விழுந்த பிறையின் பெயரைச் சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும். கோட்டை மிதித்தால் வரிசையில் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

நொண்டி அடிக்கும்போது சொல்ல ஒரு கதையும் இருந்தது. 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் லேண்டர் இன்ஜினை இயக்கி, சுமார் 40 செ.மீ உயரம் எழும்பி, 30-40 செ.மீ தள்ளி மறுபடி இறங்கியது. "அப்போ விக்ரமும் நிலாவுல பாண்டி ஆடியிருக்கு" என்றது ஒரு வாண்டு. இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

இந்த விளையாட்டின் நட்சத்திரம் எங்கள் அம்மாதான். "முட்டி வலிக்குது" என்று காலையிலிருந்து சொன்னவர், சில்லு எறிவதை மட்டும் யாருக்கும் விட்டுத் தரவில்லை.

விளையாட்டு 4: நிலாக் கல் வேட்டை

கடலை உருண்டைகளையும் எள் உருண்டைகளையும் அலுமினியம் ஃபாயிலில் சுற்றினால் நிலாக் கல் தயார். தொட்டிச் செடி, தண்ணீர் டேங்க் படி, கொடிக்கம்பி மூலை என மாடி முழுக்க ஒளித்துவைத்தோம்.

புதையல் வேட்டையில் வழக்கமாக ஒரே ஆள் பத்தைப் பொறுக்குவான். இன்னொரு குழந்தை வெறும் கையோடு அழும். அதற்கு ஒரு விதி: ஒருவருக்கு 3 கல்தான். மூன்று கிடைத்துவிட்டால், கிடைக்காதவர்களுக்குத் துப்பு கொடுக்கும் விஞ்ஞானி ஆகிவிட வேண்டும். கையால் எடுத்துத் தரக் கூடாது. "சூடு... குளிர்ச்சி" என்று மட்டும் சொல்லலாம்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கம் கிடைக்கும் பாறை, நிலவின் பாறையைப் போன்றது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு நிலா மண் தயாரித்தார்கள் என்று சொன்னதும், "எங்க தாத்தா ஊர் நாமக்கல்தான்!" என்று ஒரு சிறுமி துள்ளினாள். அவளுக்கு அன்று தனி மரியாதை.

ஒரு முக்கியமான விஷயம். வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு குழந்தைக்காக பேரீச்சம்பழ உருண்டை தனியாகச் சுற்றிவைத்தோம்.

கேக்குக்கு முன்னால் பல்லாங்குழி

ஓடிக் களைத்த குழந்தைகளை அப்படியே கேக் முன்னால் நிறுத்தினால் தள்ளுமுள்ளுதான். 10 நிமிடம் உட்காரவைக்க பல்லாங்குழியை எடுத்தோம். பல்லாங்குழியில் 14 குழிகள். நிலவில் ஒரு பகல் என்பது நமக்கு சுமார் 14 நாள். அந்த ஒரு பகலுக்குள் வேலையை முடிக்கும்படிதான் விக்ரமையும் பிரக்யானையும் தயாரித்திருந்தார்கள். ஒரு குழி ஒரு நாள் என்று சொல்லி, குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டு 14 வரை எண்ணவைத்தோம். பெரியவர்கள் பிறகு நிஜ ஆட்டமே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

சொதப்பியதும் உண்டு!

எல்லாம் சூப்பர் என்று சொன்னால் பொய். 'விண்வெளி உடை' என்று நியூஸ் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டும் போட்டி வைத்தோம். மாடிக் காற்றில் பேப்பர் பறந்து, டேப் முடியில் ஒட்டி, ஒரே கூச்சல். "இது செம போர்" என்று 9 வயதுப் பையன் அறிவித்துவிட்டான். 4 நிமிடத்தில் நிறுத்தினோம். பிடிக்காத விளையாட்டை இழுத்துப்பிடித்து முடிக்க வேண்டியதில்லை. கைவசம் ஒரு உபரி விளையாட்டு இருந்தால் போதும்.

இன்னொரு தவறு, பரிசு. ஜெயித்தவருக்கு என்று வாங்கிய ஒரே ஒரு ராக்கெட் பொம்மையை யாருக்குத் தருவது என்று தெரியாமல், கடைசியில் அலமாரிக்குள் வைத்துவிட்டோம். அவுட் இல்லாத பார்ட்டியில் தனிப் பரிசுக்கு இடமில்லை. பேட்ஜும் நிலாக் கற்களுமே ரிட்டர்ன் கிஃப்ட் ஆகிவிட்டன.

சாக்பீஸ், ஃபாயில், கப், நூல், ரப்பர் பேண்ட், அட்டை, டேப் எல்லாம் சேர்த்து விளையாட்டுகளுக்கு ஆன செலவு 430 ரூபாய். கேக்கும் சாப்பாடும் தனி.

உங்கள் தீம் வேறா?

* கடல்: சென்னைக் கடற்கரைக்கு ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். முட்டைகளைத் தன்னார்வலர்கள் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆமை முட்டை பார்க்க டேபிள் டென்னிஸ் பந்து போலவே இருக்கும். கரண்டியில் பந்தை ஏந்தி மணல் தொட்டியில் சேர்க்க வேண்டும். யார் முதல் என்று பார்க்காமல், 5 நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து எத்தனை முட்டைகளைக் காப்பாற்றினார்கள் என்று எண்ணுங்கள்.

* ரயில்: 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும். இரண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ளட்டும். இறக்கினால் ரயில் தாண்டிப் போகலாம். தூக்கினால் கப்பல் அடியில் போகலாம். குழந்தைகள் ரயிலாகவும் கப்பலாகவும் மாறி மாறிப் போக வேண்டும்.

* காடு: யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் கண்ணை மூடி நிற்க, முன்னால் நிற்கும் 'பாட்டி யானை' மட்டும் கண்ணைத் திறந்து கூட்டத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப்போக வேண்டும்.

* சமையல்: சீரகம், ஏலக்காய், பெருங்காயம், தனியா ஆகியவற்றைச் சின்னத் துணி முடிச்சுகளில் கட்டி, முகர்ந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை

* 2 மணி நேர விழாவுக்கு 4 விளையாட்டு, உபரியாக ஒன்று. ஒவ்வொன்றும் 10-15 நிமிடம்.
* விதியை மூன்று வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், விளையாட்டு கடினம் என்று அர்த்தம்.
* முந்தைய நாளே வீட்டிலிருப்பவர்களை வைத்து ஆடிப் பாருங்கள். எங்கள் முதல் ரப்பர் பேண்ட், மாமா இழுத்ததும் அறுந்தது.
* கண் கட்டப் பிடிக்காத குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதும்.
* மொட்டைமாடி என்றால் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.
* உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் வாயில் வைத்தால் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

மறுநாள் மதியம் நல்ல மழை. மாடியில் வரைந்த நிலாக்கள் எல்லாம் கரைந்துபோயின. மாலை 5 மணிக்கு அக்கா வீட்டு காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ரெண்டாவது மாடிக் குட்டிப் பையன். கையில் உடைந்த டைல்ஸ் சில்லு ஒன்று.

"அக்கா இருக்காங்களா? பாண்டி அழிஞ்சுபோச்சு. திரும்ப வரையணும்."

மிச்சமிருந்த சாக்பீஸ்களை எடுத்துக்கொண்டு இருவரும் படியேறிப் போனார்களாம். சாப்பிடக் கூப்பிட்டபோதும் இறங்கி வரவில்லை என்று போனில் புலம்பினார் அக்கா.